அப்பாவின் ஒரே கேசட்

என் மகன் செல்போனில் எதையோ தேடும்போது அந்தப் பாட்டு வந்தது. டங் டங்கென்று பிரஸ் மெஷின் அடிக்க, அதன்மேல் அப்பாவின் குரல். எனக்கு அந்த நொடியே கிரீஸ் வாசனை அடித்தது.

அப்போது ஓசூரில் எங்கள் வீட்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் இரும்புத் தகடு அடிக்கும் ஒரு பிரஸ் ஷாப். கல்யாண வீடுகளில் கிராமியப் பாட்டுப் பாடிப் பேர் வாங்கியிருந்த அப்பா, அந்த மெஷின் சத்தத்தையே தாளமாக வைத்து ஒரு கேசட் போட்டார். தெருப் பக்க ஜன்னலைக் கம்பளியால் மூடி, சுவரோரம் மைக்கை வைத்துப் பாடினார். அம்மா அன்றைக்குக் குக்கர்கூட வைக்கவில்லை. வியர்த்து வழிய, நான் தும்மலை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அடுத்து வந்த கல்யாணத்தில் அந்த மெஷின் சத்தத்தை டேப்பில் ஓடவிட்டுப் பாடினார். மாப்பிள்ளையின் அண்ணன் மேடைக்கே வந்துவிட்டார்.

"அண்ணா, ஷிப்ட் முடிச்சு நேரா வந்திருக்கோம். இங்கயும் அதே சத்தமாண்ணா?"

அவர் கோபப்படவில்லை, கெஞ்சினார். அதுதான் அப்பாவுக்குத் தாங்கவில்லை.

'கம்பெனிச் சத்தக்காரர்' என்று பேராகிவிட்டது. அப்புறம் யாரும் பாடக் கூப்பிடவில்லை. அப்பா அதே பிரஸ் ஷாப்பில் வேலைக்குச் சேர்ந்தார். வேலையை விட்டு நின்றபோது இரண்டு காதும் போயிருந்தன.

இப்போது, யாரோ இணையத்தில் ஏற்றியிருந்த அந்தப் பாட்டின் கீழே யார் யாரோ புகழ்ந்து எழுதியிருக்கிறார்கள். ஸ்பீக்கரில் சத்தமாக வைத்து, அப்பாவின் உள்ளங்கையை அதன்மேல் வைத்தேன். கண்ணை மூடி விரலால் தாளம் தட்டினார்.

"மெஷின் ஓடுதும்மா," என்றார். "யாராச்சும் பாடறாங்களா?"