குடை தேடிப் போன கிளாக்கர்

அந்தப் புத்தகங்கள் எங்கள் வீட்டுக்கு வந்தது 1988இல், இந்திய இராணுவம் இருந்த காலத்தில். யாழ்ப்பாணத்துக்குப் பக்கத்தில் இணுவிலில் எங்கள் வீட்டுக்கு இரண்டு வேலி தள்ளி ஓய்வுபெற்ற நேர்ஸ் ஒருவர் தனியாக இருந்தார். இளமையில் இங்கிலாந்துக்குப் போய் அங்கேயே வேலை செய்துவிட்டு, பென்சன் எடுத்ததும் திரும்பி வந்தவர். நாங்கள் அவரை நேர்ஸ் மாமி என்றுதான் கூப்பிடுவோம். ஊரடங்குச் சட்டத்தால் நான் ஆங்கிலம் படிப்பித்த டியூட்டரி மூடிக் கிடந்தது. வாசிக்க ஏதும் இருக்கிறதா என்று கேட்டு வேலியில் இருந்த ஓட்டைப் பொட்டுக்குள்ளால் அவரிடம் போனேன். அவர் கட்டிலுக்குக் கீழிருந்து ஒரு தகரப் பெட்டியை இழுத்துத் திறந்தார்.

"ஆஸ்பத்திரியிலை நோயாளியள் விட்டிட்டுப் போன புத்தகங்கள். எறிய மனம் வரேல்லை. எல்லாம் ஒரே மாதிரிக் கதைதான் பிள்ளை. எங்களை மாதிரி ஒரு சாதாரண ஆள் தெரியாமல் மாய உலகத்துக்குள்ளை போய் விழுந்திடும். வாசிச்சுப் பார், சிரிப்பு வரும்."

அவர் சொன்னது சரிதான். திரைச்சீலை விற்கும் ஒரு பெண், பல் கட்டும் ஒரு கிழவர், பள்ளிக்கூட பஸ் ஓட்டும் ஒரு மனிதன் என்று ஆட்கள் மட்டும் மாறினார்கள். எல்லாரும் ஏதோ ஒரு கதவையோ குழியையோ தாண்டிப் பூதங்களும் சூனியக்காரிகளும் இருக்கிற நாட்டுக்குள் போய்ச் சேர்ந்தார்கள். ஆனால் அந்தப் பூதங்களைக் கண்டு யாருக்கும் பயம் வராது. ஒரு பூதத்துக்குப் பல்வலி. ஓர் அரசனுக்குக் கோழியைக் கண்டால் நடுக்கம்.

எங்கள் வீட்டில் அப்போது மூன்று பேர். அம்மா, ஒரே மகளான நான், அண்ணை. ஐயா முன்பே இறந்துவிட்டார். அண்ணை வடமராட்சியில், நெல்லியடியில் ஒரு பட்டறையில் தண்ணீர் இறைக்கிற மிசின்கள் திருத்துபவன். கிழமை நாட்களில் அங்கேயே தங்கிவிட்டு ஞாயிற்றுக்கிழமைகளில் சைக்கிளில் வீட்டுக்கு வருவான். நல்ல பகிடிக்காரன். அவன் வந்தால் அம்மா குசினியிலிருந்தே சிரித்துக்கொண்டிருப்பாள். 1987இல் இலங்கை இராணுவம் வடமராட்சிக்குள் இறங்கியபோது, கையில் அகப்பட்ட இளம் ஆண்களையெல்லாம் பிடித்துக் கப்பலில் ஏற்றித் தெற்கே கொண்டுபோனார்கள். அண்ணையும் அதில் போனான். இந்திய-இலங்கை ஒப்பந்தம் வந்தபிறகு விட்டார்கள்.

திரும்பி வந்த அன்று அம்மா அவனுடைய முகத்தை இரண்டு கையாலும் பிடித்து, "அங்கை என்ன செய்தவங்கள் ராசா?" என்று கேட்டாள்.

"ஒண்டுமில்லை அம்மா," என்றான்.

அதற்குப் பிறகு அவன் பேசியதெல்லாம் "ஓம்", "வேண்டாம்", போதும் என்பதற்கு "காணும்" மட்டும்தான். விறாந்தையில் ஐயாவின் நீள மர வாங்கில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருப்பான். பக்கத்து வளவுக்காரர் இறைப்பு மிசின் நின்றுவிட்டதென்று கூப்பிட வந்தால், எழுந்து வீட்டுக்குப் பின்னால் போய்விடுவான். மிசின் ஸ்டார்ட் பண்ணுகிற சத்தம் கேட்டாலே அவனுடைய தோள்கள் மேலே ஏறிக் காதுக்குப் பக்கத்தில் நிற்கும். சத்தம் ஓய்ந்தபிறகும் உடனே இறங்காது.

நான் கதை வாசித்தது அண்ணைக்காக அல்ல, அம்மாவுக்காக. சந்தை நடக்காததால் எங்கள் தோட்டத்து வெங்காயம் வீட்டில் குவிந்து கிடந்தது. பின்னேரங்களில் விறாந்தையில் இருந்து அழுகினதைப் பிரித்தெடுப்பது அம்மாவின் வேலை. நான் பக்கத்தில் இருந்து ஆங்கிலத்தைப் பார்த்து, வாயில் வந்த தமிழில் சொல்லிக்கொண்டு போவேன். முதலில் எடுத்தது கந்தோரில் கணக்கு எழுதும் ஒரு கிளாக்கரின் கதை. வேலை முடிந்து ரயிலில் வீட்டுக்குப் போகும்போது குடையைத் தவறவிட்டுவிடுகிறான். அடுத்த நாள் ஸ்டேசனில், தொலைந்த சாமான்கள் வைக்கிற அறைக்குள் குடையைத் தேடிப் போகிறான். பிழையான கதவைத் திறந்துவிடுகிறான். அந்தப் பக்கம் மாய நாடு. சட்டைப் பையில் குத்தியிருந்த பேனாவைக் கண்டு அங்குள்ளவர்கள் அவனைப் பெரிய மந்திரவாதி என்று நினைத்துவிடுகிறார்கள்.

அம்மா இடையிடையே நிறுத்துவாள்.

"அங்கை அவனுக்கு ஆர் சமைச்சுப் போட்டது?"

"அது எழுதேல்லை அம்மா."

"அவன்ரை பெண்சாதி தேடமாட்டாளே?"

"அவன் கலியாணம் கட்டேல்லை."

"அப்ப தாய் தேடியிருப்பாள்," என்றுவிட்டு அழுகல் வெங்காயம் ஒன்றைத் தூக்கி முற்றத்துக்கு எறிந்தாள்.

அண்ணை கேட்கிறானா என்று எங்களுக்குத் தெரியாது. முதுகுதான் தெரிந்தது.

கிளாக்கர் மாய நாட்டுத் தலைநகரத்தின் வாசலுக்குப் போகும் இடம் வந்தது. வாசல் காக்கிற பூதம் அவனை மறித்து, நீ நீதான் என்பதற்கு என்ன அத்தாட்சி என்று கேட்கிறது. அவன் அடையாள அட்டையைக் காட்டுகிறான். பூதம் அதைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்துவிட்டு, "இந்தப் படத்தில் உள்ளவன் உயிரோடு இல்லையே, அசையவில்லையே" என்கிறது.

வாங்கிலிருந்து ஒரு சத்தம் வந்தது. இருமுகிறான் என்றுதான் நினைத்தேன். அவன் சிரித்துக்கொண்டிருந்தான். முதுகு குலுங்கியது. அம்மா கையிலிருந்த வெங்காயத்தைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "வாசி, நிப்பாட்டாதை" என்று கண்ணால் சொன்னாள்.

அன்றிலிருந்து அவன் எங்கள் பக்கம் திரும்பிப் படுத்தான். பிறகு எழுந்து உட்கார்ந்தான். "உந்தப் பூதத்துக்கு ஏன் பிள்ளை பல்வலி?" என்று ஒருநாள் கேட்டான். அவன் முழுதாகச் சொன்ன ஒரு வாக்கியத்தைக் கேட்டு எத்தனையோ காலமாகியிருந்தது. அம்மா குசினிக்குள் போய் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

பிறகு எனக்குத் தடிமன் வந்து தொண்டை கட்டிவிட்டது. "இண்டைக்குக் கதை இல்லை," என்று சைகையால் சொன்னேன்.

"மிச்சத்தை நான் சொல்லுறன்," என்றான் அண்ணை.

அவன் புத்தகத்தைத் தொடவில்லை. வாங்கின் நுனியில் குந்தியிருந்து சொல்லத் தொடங்கினான். கிளாக்கரையும் இன்னும் கனபேரையும் ஓர் இரும்பு மீன் விழுங்கிவிட்டது. மீனின் வயிற்றுக்குள் இருட்டு. ஒருவர் மேல் ஒருவர் குமட்டிச் சத்தி எடுத்தார்கள். மீன் அவர்களைக் கொண்டுபோய் வேறொரு நாட்டில் துப்பியது. அந்த நாட்டுப் பூதங்களின் பாஷையில் இவர்களுக்கு விளங்கியது ஒரேயொரு சொல். அந்தச் சொல்லுக்கு இரு என்று அர்த்தமா எழும்பு என்று அர்த்தமா என்றுகூட ஒருவருக்கும் நிச்சயமில்லை.

"இருந்தாலும் அடி. எழும்பினாலும் அடி. அப்ப கிளாக்கர் என்ன செய்தவன் தெரியுமே? அரைவாசி எழும்பி, அரைவாசி இருந்து, இப்பிடி நிண்டான்." எழுந்து முழங்காலை மடக்கி நின்று காட்டினான். அம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். அது பழைய அண்ணை. அவனுடைய பழைய பகிடி, பழைய கை அசைவு.

நான் சிரிக்கவில்லை. புத்தகத்தில் இரும்பு மீன் இல்லை. நான் அதை முழுதாக வாசித்து முடித்திருந்தேன்.

"அங்கை ஒரு பெரிய பூதம். காலமை காலமை எல்லாரையும் வரிசையிலை இருத்தி எண்ணும். ஆனால் அதுக்கு எண்ணத் தெரியாது. ஒருநாள் ஒருத்தன் கூடுவான். ஒருநாள் ஒருத்தன் குறைவான். கூடினாலும் கோவம், குறைஞ்சாலும் கோவம். தலையைச் சொறிஞ்சு சொறிஞ்சு திரும்பவும் முதலிலையிருந்து எண்ணும். வெயில் உச்சிக்கு வந்திடும்."

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பிறகு?" என்றாள்.

"பிறகு ஒருநாள் முதல்தரமே கணக்குச் சரியா வந்திட்டுது. பூதத்துக்குச் சந்தோசம் தாங்கேலாது. கிளாக்கருக்குப் பக்கத்திலை ஒரு பெடியன், பண்டத்தரிப்புப் பெடியன், சுவரோடை சாஞ்சிருந்தவன். பூதம் அவன்ரை தலையிலை தட்டி எண்ணிக்கொண்டு போகுது. கிளாக்கருக்கு மட்டும்தான் தெரியும், அந்தப் பெடியன் விடியவே செத்துப் போனானெண்டு. செத்தவனையும் சேத்து எண்ணினபடியாலைதான் கணக்குச் சரி."

சொல்லிவிட்டு அவன் எங்களைப் பார்த்தான். நாங்கள் சிரிப்போம் என்று எதிர்பார்த்ததுபோல, வாயில் பாதிச் சிரிப்போடு.

அம்மா சிரிக்கவில்லை. வெங்காயப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். அண்ணை மறுபடி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தான்.

அடுத்த நாள் கிணற்றடியில் அம்மா என்னிடம் சொன்னாள். "உந்தப் புத்தகங்களைக் கொண்டுபோய் அவவிட்டைக் குடுத்திடு."

"ஏன் அம்மா? அவன் இப்பத்தானே வாய் திறந்திருக்கிறான். சொல்லட்டும்."

"சொன்னா நான் என்ன செய்யிறது? என்னாலை என்ன செய்யேலும்?" துலாக் கயிற்றைப் பிடித்தபடியே நின்றாள். "எனக்குத் தாங்கேலாது பிள்ளை. நான் பெத்தவள்."

எனக்கு அவளோடு கோபம் வந்தது. ஆனாலும் புத்தகங்களை எடுத்துக்கொண்டு போனேன். நேர்ஸ் மாமி அவற்றை வாங்கிப் பெட்டிக்குள் அடுக்கிவைத்தார்.

அண்ணை மெல்ல மெல்ல வேலைக்குத் திரும்பினான். வீட்டில் ஒரு கொட்டில் போட்டு மிசின்கள் திருத்தினான். அது முழுச் சுகம் அல்ல. வேலை செய்தான், சாப்பிட்டான், கோயிலுக்குப் போனான். பகிடி விடவில்லை. 1990க்குப் பிறகு பொருளாதாரத் தடை வந்து மண்ணெண்ணெய் இல்லாமல் போனது. மிசின்கள் ஓய்ந்தன. மத்தியானம் முழுவதும் கொட்டிலுக்குள் சும்மா இருப்பான். ஒருநாள் தேத்தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு, ஒரு முன்னுரையும் இல்லாமல் கேட்டான்.

"உந்தக் கிளாக்கர் கடைசியிலை வீட்டை போனவனோ?"

"ஓம் அண்ணை. அதே கதவாலை திரும்பி வந்திட்டான்."

"வீட்டிலை?"

"அவன் போனதே ஒருத்தருக்கும் தெரியாது. அங்கை எவ்வளவோ காலம் இருந்தவன், இஞ்சை ஒரு நிமிசமும் ஆகேல்லை. ஸ்டேசன் மணிக்கூடு அதே நேரத்திலை நிக்குது."

அவன் தேத்தண்ணீரைக் குடித்து முடித்தான். "எழுதினவன் ஒருக்காலும் எங்கையும் போகேல்லைப் போலை," என்றான். அந்த விசயத்தைப் பற்றி என்னோடு அவன் கதைத்தது அவ்வளவுதான்.

1992இல் கொழும்பிலிருந்த மாமா ஒருவர் வெளிநாட்டுப் பயணத்தை ஒழுங்கு செய்தார். கொழும்புக்குப் போக அண்ணை கிளாலியில் கடல்நீரேரியைத் தாண்டும் படகில் ஏறினான். அம்மா படலைவரை வந்தாள். ஏதோ கேட்கப்போகிறவள்போல வாயைத் திறந்தாள். "கவனமாப் போயிட்டு வா ராசா," என்று மட்டும் சொன்னாள். அவன் "ஓம்" என்றான். பல மாதங்களுக்குப் பிறகு கனடாவில் இருக்கிறான் என்று யாரோ மூலம் சேதி வந்தது.

1995 ஐப்பசியில் இராணுவம் நெருங்கி வர, இணுவிலோடு முழு வலிகாமமும் ஒரே நாளில் எழும்பித் தென்மராட்சிக்கு நடந்தது. மழை. அம்மாவைச் சைக்கிள் கரியரில் இருத்தி நான் உருட்டிக்கொண்டு போனேன். நேர்ஸ் மாமி வரமாட்டேன் என்று வீட்டிலேயே இருந்துவிட்டார். மீசாலையில் முன்பின் தெரியாத ஒருவருடைய மாட்டுக்கொட்டிலில் இடம் கிடைத்தது. நனைந்ததில் அம்மாவுக்குக் காய்ச்சல் பிடித்தது, பிறகு வயிற்றோட்டம். ஆஸ்பத்திரியில் படுக்க இடம் இல்லை, கொடுக்க மருந்தும் போதவில்லை. கார்த்திகை முடிவதற்கு முன் அம்மா போய்விட்டாள்.

அண்ணையோடு கதைக்க எனக்கு அடுத்த வருடம்தான் வழி கிடைத்தது. கொழும்புக்கு வந்து ஒரு கடையிலிருந்து ரெலிபோன் எடுத்தேன். அம்மா இறந்தது அவனுக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது. யார் கொள்ளி வைத்தது என்று கேட்டான். எங்களுக்கு இடம் தந்த அந்த மாட்டுக்கொட்டில்காரர் என்றேன்.

"அம்மா கடைசியிலை ஏதும் கேட்டவவோ?"

"இல்லை அண்ணை. காய்ச்சல் கூடி, கதைக்க ஏலாமல் இருந்தவ."

 

"சரி," என்றான். பிறகு தன்னுடைய வேலையைப் பற்றிச் சொன்னான். ஒரு ஹோட்டல் குசினியில் கோப்பை கழுவுகிறானாம். வெளியே பனி முழங்கால் மட்டும் கிடக்கிறதாம். நான் ஓம் ஓம் என்று கேட்டுக்கொண்டு நின்றேன்.