கல் கிணற்றில் பூசிய சீமெந்து

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில், இலங்கை மலைநாட்டில் வட்டகொடைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் கொத்துவேலை மேசனாகச் சேர்ந்தேன். முதல் நாள், காலையில் வேலை பிரிக்கும் பெரட்டிலேயே, வெளிவேலைகளைப் பார்க்கும் கண்டாக்கு ஐயா என்னைக் கூப்பிட்டார்.

"மேல்லயத்துக் கிணத்தை மண்ணு போட்டு ரொப்பிடு மேசன். வெள்ளிக்கிழமை தோட்டப் பார்வைக்குக் கம்பெனி வெளித்தொரை வர்றாரு. பாழுங்கிணறு அவரு கண்ணுல படக்கூடாது."

தேயிலைக்கு முன் அங்கிருந்த சிங்களக் கிராமத்தார் கட்டிய கிணறு அது. சாந்தே இல்லாமல் கல்லோடு கல் கடித்து நிற்கும்படி அடுக்கியிருந்தார்கள். போன பார்வைக்காக, தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்களுக்குச் சுண்ணாம்பு அடித்தபோது, கிணறும் அழகாக இருக்கட்டும் என்று, டவுனிலிருந்து வந்த கொந்தராத்து மேசன் உள்சுவரின் கல் இடுக்கெல்லாம் சீமெந்து பூசிவிட்டுப் போயிருந்தார். அதன்பின் மழைக்காலத்திலும் கிணறு நிறையவில்லை. கோடையில் வற்றிவிட்டது. கிணறு போனால் லயத்தைக் காலி செய்து, ஆட்களை வேறு வேறு டிவிஷன்களுக்குப் பிரித்துப் போடுவதாகப் பேச்சு. அக்கா ஒரு பக்கம், தங்கை ஒரு பக்கம் என்று போக வேண்டியதுதான்.

நான் போனபோது, கொழுந்து பறிக்கும் பேச்சாயி என்ற பெண் அடியில் இறங்கி, தேங்காய்ச் சிரட்டையால் சேற்றுத் தண்ணீரை வழித்துக்கொண்டிருந்தார்.

"ஏறிடுங்க, மூடச் சொல்லியிருக்காங்க" என்றேன்.

"என் மேலயே போட்டு மூடுங்க மேசன். தண்ணி சொமக்கிற வேலையாவது மிச்சம்." பிறகு சுவரைத் தட்டிக் காட்டினார். "இந்த மேட்டுப் பக்கத்து இடுக்குல வேர்த்து வேர்த்துத்தான் தண்ணி எறங்கும். பூசினதுலருந்து ஒரு சொட்டு இல்ல. பின்னாடி தேயிலைக்குள்ள போய்ப் பாருங்க, காலு பொதையுது."

போய்ப் பார்த்தேன். அந்தக் கோடையிலும் மண் நொதநொதவென்றிருந்தது. கண்டாக்கு ஐயா வந்தார். முதல் நாளே அவரிடம் எதிர்த்துச் சொல்ல எனக்குக் கூச்சமாக இருந்தது. பூச்சைக் கொத்திவிட்டால் தண்ணீர் வரும் என்று பேச்சாயிதான் கிணற்றுக்குள் இருந்தபடியே சொன்னார்.

"பூச்சைப் பேத்தா அசிங்கமா இருக்குமே" என்றார் ஐயா.

"அழகைக் காய்ச்சிக் குடிக்க முடியுங்களா?" என்றார் பேச்சாயி.

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சரி மேசன், மேட்டுப் பக்கம் மட்டும் கொத்திப் பாரு. வரலேன்னா சாயந்தரமே மூடிறணும்."

உளியோடு உள்ளே இறங்கினேன். மேல் வரிசைகளில் தூசிதான் வந்தது. மண் கொட்ட வந்த ஆட்கள் கூடைகளோடு மேலே காத்திருந்தார்கள். அடி வரிசையில் ஓர் இடுக்கைப் பேர்த்தபோது செம்மண் கூழாக வழிந்தது. அடுத்ததில் கலங்கல் தண்ணீர். பேச்சாயி சிரட்டையை ஏந்திப் பிடித்து, நிறைந்ததும் மேலே நீட்டினார். ஐயா அதைப் பார்த்துவிட்டு ஆட்களைத் திருப்பி அனுப்பினார்.

வெள்ளிக்கிழமை வெளித்துரை வந்து குனிந்து பார்த்தார். உள்ளே இடுப்பளவு தண்ணீர் நின்றது.

"செவுரு ஏன் ஒடைச்சது?"

"தண்ணிக்கு வாசல் வெச்சிருக்கோம் தொரை" என்றார் கண்டாக்கு ஐயா.

லயத்தைக் காலி செய்யும் பேச்சு அதன்பின் எழவில்லை.

புதிதாக வரும் மேசன்மாருக்கு ஒன்று சொல்வேன். கிணறானாலும் மண்சரிவுக்குக் கட்டும் மதிலானாலும், கொத்துக்கரண்டியை எடுக்கும் முன் தண்ணீர் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று பாருங்கள். தெரியாவிட்டால், அங்கே குடம் எடுத்துப் போகிறவர்களைக் கேளுங்கள். கேட்கக் கூச்சமாகத்தான் இருக்கும். எனக்கு இன்றும் இருக்கிறது. ஆனாலும் கேட்காமல் சாந்து குழைப்பதில்லை.