சாட்சியாக முடியாத அக்கா

அம்மாவின் இதயத்தில் ஒரு வால்வை மாற்ற வேண்டும் என்று முடிவான அந்த மாரியில், எங்கள் வீட்டுக்குள் எந்நேரமும் ஒரு வெள்ளை வெளிச்சம் தங்கியிருந்தது. கனடாவில் நாங்கள் இருக்கும் அஜின்கோர்ட்டில் பனி மூடிக் கிடக்கும் நாட்களில் சூரியன் இல்லாமலே அறைகள் ஒளிரும். அம்மா சோபாவில் சாய்ந்து, கண்களைத் திறந்தபடியே நித்திரை கொள்கிறவரைப்போல் கிடப்பார். ஒருநாள் அப்படிக் கிடந்துகொண்டு கேட்டார்.

"தம்பி, நான் கதைக்கேலாமல் கிடந்தா ஆரைக் கேப்பினம்?"

"என்னைத்தான், அம்மா."

"அதை எழுதி வையன். வாயாலை சொன்னது ஆஸ்பத்திரிக்குள்ளை எடுபடுமோ?"

லோயரிடம் போகத் தேவையில்லை என்று சொன்னவன் நான்தான். அரசாங்கத்தின் இணையத்தளத்தில், ஒருவருக்காக இன்னொருவர் முடிவெடுக்க அனுமதிக்கும் இரண்டு அதிகாரப் பத்திரங்கள் இலவசமாகக் கிடைத்தன. ஒன்று வீட்டையும் வங்கியையும் பற்றியது, மற்றது உடம்பைப் பற்றியது. இரண்டிலும் என் பெயரைப் போட்டேன். அம்மா கையெழுத்து வைக்கும்போது இரண்டு சாட்சிகள் கூட இருந்து பார்த்துத் தாங்களும் கையெழுத்து வைத்தால் போதும். எங்கள் குடும்பத்தில் படித்தவன் நான் ஒருவன்தான். ஆங்கிலத்தில் வரும் எதையும் வாசித்துச் சொல்வது சின்ன வயதிலிருந்தே என் வேலை. அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

உடம்புப் பத்திரத்தில் அம்மா எழுதச் சொன்னது ஒரே ஒரு விஷயம். "திரும்பி எழும்பமாட்டன் எண்டு டொக்டர்மார் சொன்னா, மிஷினிலை போட்டு இழுத்துப் பிடிக்க வேண்டாம்." அதை ஆங்கிலத்தில் எழுத எனக்கு நெடுநேரம் எடுத்தது. எந்தச் சொல்லை வைத்தாலும் அம்மாவின் குரல் அதிலிருந்து கழன்று போனது. யன்னலுக்கு வெளியே பனி விழுந்துகொண்டிருந்தது. அதன் சத்தம் எனக்குக் கேட்பதுபோல் இருந்தது. பனிக்குச் சத்தம் இல்லை என்பது எனக்குத் தெரியும்.

சாட்சி யார் என்ற கேள்வியே எழவில்லை. கீழே பேஸ்மென்டில் இருக்கும் அக்காவும் அவருடைய கணவரும்தான். அக்கா எங்களுக்கு இரத்த உறவு இல்லை. கனடாவுக்குத் தனியாக வந்து எங்களிடம் வாடகைக்கு இருந்தவர், கலியாணம் முடித்த பிறகும் அங்கேயே தங்கிவிட்டார். பிளாசா ஒன்றில் ரோல்ஸும் கொத்துரொட்டியும் செய்யும் கடையில் வேலை. கடை பூட்டினாலும் அவருடைய வாய் பூட்டாது.

அம்மா நல்ல நேரம் பார்த்து, சுவாமிப் படத்துக்கு விளக்கேற்றிவிட்டு வந்து மேசையில் இருந்தார்.

"என்ன அன்ரி, விளக்கெல்லாம் வைச்சு, வீட்டை எனக்கு எழுதுறியளோ?" என்றார் அக்கா.

"உனக்குப் பேஸ்மென்டே கூடிப்போச்சு. பேசாமல் கையெழுத்தை வை."

மூன்று பேரும் கையெழுத்து வைத்தார்கள், எல்லாரும் வடை சாப்பிட்டோம், முடிந்தது என்று நினைத்தோம்.

மறுநாள் காலை பஸ்ஸில், பத்திரத்தோடு வந்த விளக்கக் குறிப்பைத் தொலைபேசியில் மறுபடியும் வாசித்தேன். அதிகாரம் பெறுகிறவர் சாட்சியாக முடியாது. அவருடைய கணவனோ மனைவியோ முடியாது. அதிகாரம் கொடுப்பவரின் பிள்ளை முடியாது. பெற்ற பிள்ளையாக இல்லாவிட்டாலும், தன் பிள்ளையாகவே நடத்தும் எண்ணத்தை அவர் உறுதியாகக் காட்டியிருக்கும் எவரும் முடியாது. இந்தக் கடைசி வரி தத்துப்பிள்ளைகளைப் பற்றியது என்று நினைத்து முதலில் தாண்டிப் போயிருந்தேன்.

பஸ் கண்ணாடியில் ஆவி படிந்திருந்தது. விரலால் துடைத்தேன். வெளியே தெருவுக்குப் பதிலாக அக்காவின் கலியாண மண்டபம் தெரிந்தது. அக்காவின் தாய் தகப்பனுக்கு விசா கிடைக்கவில்லை. அவர்களுடைய இடத்தில் மணவறையில் இருந்தவர்கள் எங்கள் அப்பாவும் அம்மாவும். அப்போது அப்பா உயிரோடு இருந்தார். அப்பா அக்காவின் கையை மாப்பிள்ளையின் கைமேல் வைக்க, அம்மா செம்பிலிருந்து தண்ணீர் வார்த்தார். மேளம் உச்சத்தில் இருந்தது. ஆனால் என் நினைவில் அந்தத் தண்ணீர் மௌனமாகவே விழுகிறது, மெதுவாக, முடியாமல். மண்டபம் நிறைந்த சனம் பார்த்தது. வீடியோவும் இருக்கிறது. ஓர் எண்ணத்தை இதைவிட உறுதியாக எப்படிக் காட்டுவது?

அன்று பின்னேரம் விஷயத்தைச் சொன்னேன். அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"கேட்டியளே அன்ரி! கவுண்மென்டே சொல்லுது, நான் உங்கடை மகளாம். இனி வாடகை கேட்டா வழக்குப் போடுவன்."

அம்மா சிரிக்கவில்லை. அக்கா கீழே போன பிறகு என்னைப் பார்த்தார்.

"எப்பிடியும் திரும்ப எழுதத்தானே வேணும்?"

"ஓம்."

"எண்டா உடம்புப் பேப்பரிலை அவளின்ரை பேரைப் போடு. வீடு, வங்கி உன்னோடை இருக்கட்டும்."

"ஏனம்மா? என்னிலை நம்பிக்கை இல்லையோ?"

"நம்பிக்கை இருக்கு. ஆனா நீ விடமாட்டாய், ராசா." யன்னலோரத் தொட்டியில் காய்ந்து நின்ற கன்றைக் காட்டினார். "உந்தக் கறிவேப்பிலைக் கண்டு பட்டுப்போய் எவ்வளவு காலம்? இன்னும் தண்ணி ஊத்திக்கொண்டு நிக்கிறாய். என்னையும் உப்பிடித்தான் வைச்சிருப்பாய்."

"அது வேரிலையிருந்து துளிர் வெடிக்கும் அம்மா."

"பாத்தியே," என்றார் அம்மா.

வெளியே போய், தள்ளத் தேவையில்லாத பனியையும் தள்ளினேன். என் மூச்சு முகத்துக்கு முன்னால் வெள்ளையாக எழுந்து கலைந்தது. ஓர் இயந்திரம் மூச்சுவிட, அது அம்மாவின் மூச்சு என்று நம்பிக்கொண்டு கட்டிலருகே நான் இருப்பது மனக்கண்ணில் தெரிந்தது. காலம் காலமாக இருந்தேன். எழும்பவே இல்லை. அம்மா சொன்னது சரிதான். அது சரி என்பதுதான் நொந்தது.

அக்கா சம்மதிக்க வேண்டும் அல்லவா? கீழே போனேன். ரோல்ஸுக்கு உருளைக்கிழங்கு மசித்துக்கொண்டிருந்தவர் கையை நிறுத்தினார்.

"அன்ரியே சொன்னவ?"

"ஓம்."

"உனக்குக் கோவமோ?"

"கொஞ்சம்."

"நல்லது. இல்லையெண்டு சொல்லியிருந்தா நம்பியிருக்கமாட்டன்." கிழங்கை மறுபடி மசிக்கத் தொடங்கினார். "சொல்ல வேண்டி வந்தா நான் சொல்லுவன், தம்பி. ஆனா உன்னை வெளியிலை விட்டிட்டுச் சொல்லமாட்டன். நீயும் பக்கத்திலை நிக்க வேணும்."

இனிச் சாட்சிகள் வேண்டும். அக்கா அதிகாரம் பெறுகிறவர் என்பதால் அவருடைய கணவரும் சாட்சியாக முடியாது. நான் சொன்ன ஒவ்வொருவரையும் அம்மா யோசித்துத் தள்ளினார். "அவன் என்னை அம்மா எண்டெல்லே கூப்பிடுறவன்." "அவளுக்குப் பிள்ளைப்பேறு பாத்தது நானெல்லே." பிள்ளையாக நடத்தாத ஆளை எங்கள் சனத்துக்குள் அம்மாவால் கண்டுபிடிக்க முடியவில்லை. அதெல்லாம் சட்டத்துக்கு உதவாத பயம் என்று சொல்லிப் பார்த்தேன். கேட்கவில்லை.

கடைசியில் பக்கத்து வீட்டுச் சீனத் தம்பதியைக் கேட்டேன். இத்தனை வருடங்களாகப் பனி தள்ளும்போது கையசைத்ததைத் தவிர அவர்களோடு பழக்கமே இல்லை. ஒரு பை தோடம்பழத்தோடு வந்து, சப்பாத்தைக் கழற்றிவிட்டு, நேராக நிமிர்ந்து இருந்தார்கள். அம்மா மறுபடியும் விளக்கேற்றினார். அந்தச் சுடரையும் அம்மாவின் தமிழ்க் கையெழுத்தையும் அவர்கள் மாறிமாறிப் பார்த்துவிட்டுத் தங்கள் பெயர்களை எழுதினார்கள். அவர்கள் போன பிறகு அம்மா, "நல்ல சனம். கனக்கப் பழகக்கூடாது, பிறகும் சாட்சிக்குத் தேவைப்படும்," என்றார்.

சத்திரசிகிச்சை நாளன்று ஆஸ்பத்திரியில் ஒரு தாதி பத்திரத்தின் பிரதியை வாங்கிக்கொண்டு, இதில் பெயர் இருப்பவர் யார் என்று கேட்டார். நான் அக்காவைக் காட்டினேன். என்ன உறவு என்று தாதி கேட்டபோது, வாய் மூடாத அக்கா என்னைப் பார்த்தார்.

"மகள்," என்றேன்.

அம்மாவைக் கொண்டுபோன சத்திரசிகிச்சை அறையின் கதவு மூடியது. நாங்கள் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தோம். வெளிச்சம் மெல்ல மெல்லச் சுவரில் நகர்ந்தது.

மறுநாள் அம்மா கண் திறந்து, முதலில் அக்காவைத் தேடினார், பிறகு என்னை.

"எனக்கு வேலை வைக்கேல்லை நீங்கள்," என்று அக்கா அழுதார்.

அம்மாவின் மூச்சு போர்வையை உயர்த்தித் தாழ்த்திக்கொண்டிருந்தது. நான் அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். "போய்ச் சாப்பிடு," என்று அம்மா சொன்ன பிறகும் நின்றேன்.