என் தங்கை அளந்த இரண்டு சந்தைகள்

எங்கள் வீட்டில் படித்தவள் என்றால் என் தங்கை ஹெரான்தான். நான் நடுநிலைப் பள்ளியோடு நின்று ஒரு கண்ணாடிக் கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். இப்போது அந்தக் கடை என் பெயரில் இருக்கிறது. அவள் பல்கலைக்கழகம் போனாள். 'வாழ்நாள் கல்வி அலுவலர்' என்று அரசாங்கமே முத்திரை குத்திக் கொடுத்த சான்றிதழ் வாங்கினாள். அதற்குச் சட்டம் போட்டு, கண்ணாடியை நானே வெட்டிப் பொருத்தினேன். நான்கு மூலையும் சதுரம். யார் வேண்டுமானாலும் மூலைமட்டம் வைத்துப் பார்க்கலாம்.

மீன் சந்தைக்கு மேலே மூன்றாவது மாடியில் இருக்கிறது அவள் நடத்தும் நகராட்சிக் கல்விக்கூடம். லிஃப்ட் கிடையாது. எதிரில் இருக்கும் தபால் ஆபீசுக்குப் போகவே முட்டி வலிக்கிறது என்று சொல்லும் பெரியவர்கள், அந்த மூன்று மாடியையும் பேசிக்கொண்டே ஏறிவிடுவார்கள். தூரிகை எழுத்து, மவுத் ஆர்கன், கைப்பேசிப் பழக்கம் என்று பல வகுப்புகள். எல்லாவற்றிலும் பேர்போனது ஆரம்ப ஆங்கிலம். பதினோரு வருடமாக அதே ஆட்கள்தான் அதில் ஆரம்பித்துக்கொண்டே இருக்கிறார்கள்.

ஒவ்வொரு பருவம் முடியும்போதும் ஹெரான் கேட்பாள். வகுப்புத் தலைவி போங் அம்மா பதில் சொல்வார். எழுபத்து நான்கு வயது. காய்ந்த நெத்திலி வியாபாரம்.

"இந்தத் தடவையாவது இடைநிலைக்குப் போயிடலாமே போங்கம்மா. உங்களுக்குத்தான் எல்லாம் தெரியுதே."

"என்னத்தத் தெரியுது? நேத்து வாழைப்பழத்துக்கு இங்கிலீஷ்ல என்னன்னே மறந்துட்டேன்."

"பனானா."

"பாத்தீங்களா! உங்களுக்கு டக்குனு வருது. எங்களுக்கு வருதா? நாங்க இன்னும் ஆரம்பம்தான் டீச்சர்."

வாழைப்பழத்துக்கு எங்கள் மொழியிலும் பனானா என்றுதான் பெயர். விஷயம் அதுவல்ல. இடைநிலை வகுப்பு வியாழக்கிழமை. வகுப்பு முடிந்ததும் எல்லோரும் ஒன்றாகப் போய்ச் சாப்பிடும் மட்டிச் சிப்பி நூடுல்ஸ் கடைக்கு வியாழக்கிழமை விடுமுறை. இதை ஹெரானும் அறிவாள். ஆனாலும் ஒவ்வொரு பருவமும் முறைப்படி கேட்டுவிடுவாள். கேட்காமல் விட்டால் கடமை தவறியதாக நினைப்பவள் அவள்.

இரண்டு வருடத்துக்கு முன் ஓர் இலையுதிர் காலத்தில் நகராட்சியிலிருந்து துணை இயக்குநர் சூ வந்தார். மூச்சு வாங்க மாடி ஏறி வந்தவர், உட்கார்ந்ததும் சுவரைத்தான் பார்த்தார்.

"நாடு முழுக்க ஆன்லைன் கல்விச் சந்தை எப்படி வளருதுன்னு தெரியுமா டீச்சர்? நம்ம நகராட்சியே ஒரு இணையதளம் வெச்சிருக்கு. இந்தப் பக்கம் இந்தக் கட்டடம். சுவர் ஒழுகுது, ஹீட்டர் செலவு வேற. ரெண்டையும் அளந்து ஓர் அறிக்கை குடுங்க. எது பெருசோ அத வெச்சுக்குவோம்."

"நானா அளக்கணும்?"

"சான்றிதழ் உங்ககிட்டதானே இருக்கு!"

கல்விக்கூடத்தை மூடினால் ஹெரானை நகராட்சி அலுவலகத்தில் உட்காரவைத்து, கடவுச்சொல் மறந்துபோனவர்களின் தொலைபேசிக்குப் பதில் சொல்லச் சொல்வார்கள். அது அவளுக்குப் பெரிதாகப் படவில்லை. இந்த ஆட்கள் எங்கே போவார்கள் என்பதுதான் அவள் கவலை. அன்று என் கடைக்கு வந்து, கண்ணாடிப் பலகைகள் சாத்தியிருந்த சுவரோரம் நின்றாள்.

"கொஞ்சம் கூட்டிக் குறைச்சு எழுதிடேன்மா. யார் வந்து எண்ணப் போறா?" என்றேன்.

"அண்ணே, ஜன்னல் அளவு எடுக்கறப்ப நீ கூட்டிக் குறைச்சு எழுதுவியா?"

"எழுதினா கண்ணாடி உள்ளயே போகாதே."

"அப்ப என்கிட்ட மட்டும் ஏன் சொல்ற?"

என் தங்கை என்று பெருமைப்படாமல் வேறு என்ன செய்வது? ஆனால் அப்போது கொஞ்சம் எரிச்சலும் வந்தது.

அளந்தாள். ஆன்லைன் பதிவுகள் கல்விக்கூடத்தைப்போல மூன்று மடங்கு இருந்தன. ஆனால் வெறும் எண்ணிக்கையோடு விடுகிறவள் இல்லை அவள். யார் இவர்கள் என்று ஒவ்வொரு பெயராகப் பார்த்துக்கொண்டே போனாள். பாதிக்கு மேல் அவளுக்குத் தெரிந்த பெயர்கள். எல்லாம் அவளுடைய கைப்பேசி வகுப்பில் படித்தவர்கள். கடைசிப் பாடத்தில், நகராட்சி இணையதளத்துக்குப் போய் ஒரு பாடத்தில் சேர்வது எப்படி என்று அவளே செய்முறைப் பயிற்சி வைப்பது வழக்கம். பயிற்சி என்றுதான் பெயர். ஆனால் பொத்தானை அழுத்தினால் நிஜமாகவே சேர்த்துக்கொள்கிறது இணையதளம்.

சேர்ந்தவர்கள் சும்மா இருந்தார்களா என்றால், அதுவும் இல்லை. பாடம் முழுவதும் ஓடி முடிந்தால் சான்றிதழ் வரும். அதனால் படத்தை ஓடவிட்டு, சத்தத்தை அணைத்து, கைப்பேசியைக் கவிழ்த்துவைத்துவிட்டு வியாபாரத்தைப் பார்த்தார்கள். போங் அம்மாவின் கைப்பேசி நெத்திலி மூட்டைமேல் கிடந்தபடியே தேனீ வளர்ப்பு, குடும்பச் சட்டம், மேற்கத்திய ஓவிய வரலாறு மூன்றிலும் தேறியிருந்தது. அந்தச் சான்றிதழ்களை அச்செடுக்க எல்லோரும் எங்கே வந்தார்கள்? மூன்றாவது மாடிக்குத்தான்.

ஆக, தன் கல்விக்கூடத்தை விழுங்க வந்த சந்தைக்கு இத்தனை நாளும் சோறு ஊட்டி வளர்த்தவள் என் தங்கையேதான்.

இதையெல்லாம் விடாமல் அறிக்கையில் எழுதினாள். சூ படித்துவிட்டுப் பாராட்டினார்.

"அருமையா ஆராய்ஞ்சிருக்கீங்க டீச்சர். ஆனா படிவத்துல ரெண்டே கட்டம்தான். ஆன்லைன், நேர்முகம். நீங்க சொல்ற கதைக்குக் கட்டம் இல்லையே."

"கதை இல்ல சார், அதான் உண்மை."

"உண்மைதான், யார் இல்லன்னா? இணையதளத்துல பதிவானா ஆன்லைன். அவ்ளோதான்."

வசந்தப் பருவத்தோடு மூடுவது என்று முடிவாயிற்று. ஹெரான் வகுப்பில் போய்ச் சொன்னாள். யாரும் அழவில்லை. ஆங்கில ஆசிரியர் மெங் மட்டும் கரும்பலகையை இரண்டு தடவை துடைத்தார். சரக்குக் கப்பலில் சமையல்காரராக இருந்து, துறைமுகம் துறைமுகமாக ஆங்கிலம் பொறுக்கியவர் அவர். போங் அம்மாதான் முதலில் வாயைத் திறந்தார்.

"இணையதளத்துல பதிவானா ஆன்லைன். அப்படியா சொன்னாரு?"

"ஆமா."

"எங்க உக்காந்து பாக்கணும்னு சொன்னாரா?"

"அது சொல்லலை."

"அப்ப நாங்க இங்கயே உக்காந்து பாக்கறோம். வீட்ல சிக்னல் சரியில்லைன்னு எழுதிக்கங்க."

"உங்க வீட்ல நல்லாத்தானே எடுக்குது போங்கம்மா?"

"என் வீட்டுக்காரர் இருக்கற ரூம்ல எடுக்காது."

சூவுக்கு இந்த யோசனை மிகவும் பிடித்துப்போயிற்று. 'இணையவழிக் கற்றல் அனுபவ மையம்' என்று பெயர் வைத்தார். பெயர் புதிதானதும் பணமும் வந்தது. ஒழுகிய சுவரைப் பூசினார்கள். மெங் ஒரு தாங்கியில் நிறுத்திய கைப்பேசியைப் பார்த்துப் பாடம் நடத்த வேண்டும். வகுப்பின் இருபத்தாறு பேரும் எதிரே உட்கார்ந்து அவரவர் கைப்பேசியில் அவரைப் பார்க்க வேண்டும்.

முதல் நாள் அவர் "குட் மார்னிங்" என்றதும் இருபத்தாறு கைப்பேசிகளும் அதையே திருப்பிக் கூவின. அந்தச் சத்தம் அவர் கைப்பேசிக்குள் புகுந்து மறுபடி வெளியே வர, கட்டடமே ஊளையிட்டது. கீழே மீன் வெட்டிக்கொண்டிருந்தவர்கள் தீ விபத்து ஒத்திகை என்று வெளியே ஓடிவந்துவிட்டார்கள்.

அதற்காகத்தான் என்னைக் கூப்பிட்டார்கள். அறையைக் குறுக்கே மறித்து, தரையிலிருந்து கூரைவரை இரட்டைக் கண்ணாடித் தடுப்பு போட்டேன். ஓரங்களில் ரப்பர் கொடுத்து இழைத்த வேலை. ஒரு பெருமூச்சுகூட அந்தப் பக்கம் போகாது. ஆசிரியர் அந்தப் பக்கம், மாணவர்கள் இந்தப் பக்கம். கைக்கெட்டும் தூரத்தில் மெங் வாயை அசைப்பார். அவர் வாயை மூடிய பிறகு குரல் கைப்பேசியில் வந்து சேரும். பதில் சொல்ல, வகுப்புத் தலைவியின் கைப்பேசியில் மட்டும் மைக் திறந்திருக்கும்.

"இடியும் மின்னலும் மாதிரி இருக்கு" என்றார் போங் அம்மா. "பரவால்ல, வர்றதுக்குள்ள பதில யோசிச்சுக்கலாம்."

ஆண்டு முடிவில் மறுபடியும் அளக்க வேண்டிவந்தது. அறிக்கை போவதற்கு முன்பே, இணையதளப் பதிவுகளை மட்டும் பார்த்து, ஆன்லைன் கற்றலில் மாகாணத்திலேயே வேகமான வளர்ச்சி என்று எங்கள் நகராட்சிக்குப் பரிசு. மேடையேறி வாங்கியவர் சூ. அறிக்கையின் நேர்முகக் கட்டத்தில் பூஜ்யம் போட வேண்டியதுதான் பாக்கி. ஹெரான் மட்டும் கையெழுத்துப் போடாமல் அறிக்கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பூஜ்யம் என்று எழுதினால் பொய். உள்ளதை எழுதினால் கல்விக்கூடம் போய்விடும் என்ற பயம். என் கடையில் உட்கார்ந்து பேனா மூடியைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

அந்த வாரம்தான் அது நடந்தது. தான் வளர்த்த சந்தையைத் தானே அனுபவித்துப் பார்க்க ஆசைப்பட்ட சூ, ஆரம்ப ஆங்கிலத்தில் சேர்ந்து வீட்டிலிருந்தே பாடம் கேட்டிருக்கிறார். ஓய்வுபெற இன்னும் ஒரு வருடம்தான் இருந்தது. பேச்சுத்துணைக்கு ஆள் இல்லாத வீடு. திரையில் மெங் மட்டும் தெரிகிறார். எங்கிருந்தோ எல்லோரும் சிரிப்பது கேட்கிறது; எதற்கென்று புரியவில்லை. பாடம் முடிந்ததும் நாற்காலிகள் நகர்கிற சத்தம். அப்புறம் அமைதி. 'எல்லோரும் எங்கே போனீர்கள்?' என்று திரையில் தட்டச்சு செய்து காத்திருக்கிறார். யாரும் பதில் போடவில்லை.

மறுநாள் வகுப்பு முடிகிற நேரத்துக்கு மாடியேறி வந்து நின்றார். அன்று நான் தடுப்பின் ரப்பரைச் சரிபார்க்கப் போயிருந்தேன். கண்ணாடிக்கு இரண்டு பக்கமும் மாறி மாறிப் பார்த்தார்.

"எல்லாரும் இங்கதான் இருக்கீங்களா?"

"ஆமா சார்" என்றாள் ஹெரான். "இந்த வகுப்ப வெளியிலருந்து ஆன்லைன்ல பாத்தவர் ஒரே ஒருத்தர்தான். நீங்க."

ஹெரான் பையிலிருந்து அறிக்கையை எடுத்தாள். அங்கேயே மேசையில் வைத்து எழுதினாள்: மையத்தில் பதிவு செய்தவர்கள் அனைவரும் இணையம் வழியாகப் பதிவு செய்தார்கள், ஒருவரைத் தவிர அனைவரும் கல்விக்கூடத்தில் நேரில் உட்கார்ந்து படித்தார்கள். கையெழுத்துப் போட்டு நீட்டினாள்.

சூ இரண்டு தடவை படித்தார். இதைக் காட்டி மூடலாம். மூடினால் அந்தப் பரிசைத் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

"முதல் பாதி போதுமே டீச்சர்."

"ரெண்டு பாதியும் சேந்துதான் சார் ஒரு வாக்கியம்."

அவர் அறிக்கையை மடித்துக் கோட்டுப் பைக்குள் வைத்தார். "மேல இருக்கறவங்க முதல் வரிக்கு மேல படிக்க மாட்டாங்க" என்றார். அதில் அவருக்கு அனுபவம் உண்டு. அந்த அறிக்கை இரண்டு பாதியோடும் மாகாண அலுவலகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. இன்றுவரை ஒரு கேள்வி வரவில்லை. கல்விக்கூடம் இருக்கிறது.

அன்று யாரும் கிளம்புகிற வழியாக இல்லை. போங் அம்மாதான் கோட்டை மாட்டிக்கொண்டு எழுந்தார்.

"சாருக்கு என்ன வயசு?"

"அம்பத்தொம்போது."

"அடேயப்பா, குழந்தை! வாங்க, நூடுல்ஸ் ஆறிடும். எங்க வழக்கம் தெரியும்ல? வகுப்புல சின்னவங்கதான் கரண்டி எடுத்து வைக்கணும்."

நானும் கூடப் போனேன். கடையில் துணை இயக்குநர் சூ மேசை மேசையாக நகர்ந்து, ஒவ்வொருவர் முன்னும் காகிதக் கைக்குட்டை விரித்து, அதன்மேல் கரண்டியும் நூடுல்ஸ் சாப்பிடும் குச்சியும் வைத்துக்கொண்டு வந்தார். ஒரு குச்சி கோணலாக இருந்தது. ஹெரான் அதை நேராக்கிவைத்தாள்.