செருப்பில் தைத்த ஓலை

சரித்திரக் காதல் நாவல் எழுதுகிறேன் என்று சொல்லிக்கொள்ளவே எனக்குக் கூச்சம். அதைவிடக் கூச்சம், ஆம்பூரில் ஏறிய ரயிலில் அதை ராஜா குரலிலும் ராணி குரலிலும் எனக்கு நானே வாசித்துக்கொண்டு போனது.

எதிர் சீட்டில் ஷூ கம்பெனி அடையாள அட்டையோடு ஒரு பெண்மணி. அவர் கட்டைவிரல் மடியிலிருந்த பையின் தையலைத் தடவிக்கொண்டே இருந்தது.

அரண்மனை ஒற்றுக்காரி ரகசிய ஓலையைச் செருப்புக்குள் வைத்துத் தைத்து, தன்மேல் ஆசை வைத்த கோட்டைக் காவலனை ஏமாற்றித் தப்பும் இடம் வந்தது.

"சார், அவன் செருப்ப வளைச்சுப் பாத்தானா?" என்றார்.

"பாத்தாம்மா. ஒண்ணும் தெரியல."

"இன்னா சார் நீங்க! உள்ள ஓலை இருந்தா மொறமொறன்னு சத்தம் வராதா? அவனுக்குத் தெரியும். தெரிஞ்சேதான் வுட்டுட்டான்."

"மாட்டிக்கிட்டா தலை போயிடுமே?"

"போவும்தான்." சிரித்தார். "எங்க லைன்ல தைக்கிறவரு ஒருத்தரு ஷூவுக்குள்ள எனக்குத் துண்டு சீட்டு எழுதி வெச்சு அனுப்புவாரு. செக்கிங்ல நானு. வளைச்சா சத்தம் வரும். சூப்பர்வைசர் பக்கத்துலயே நிப்பாரு. மாட்டுனா ரெண்டு பேருக்கும் வேலை போயிடும். சீட்ட எடுத்து இடுப்புல சொருவிக்கினு, ஓகே ஸ்டிக்கர் ஒட்டிடுவேன்."

குடியாத்தத்தில் இறங்கினார். பிளாட்பாரத்தில் காத்திருந்த ஒருவர் அவர் பையை வாங்கிக்கொண்டார். சீட்டில் என்ன எழுதியிருந்தது என்று கேட்காமல் விட்டது இன்னும் உறுத்துகிறது.

வீட்டுக்கு வந்ததும் காவலனைத் திருத்தி எழுதினேன். படித்துவிட்டு என் மனைவி சொன்னாள்:

"முந்நூறு பக்கத்துல இந்த ஒரு எடந்தான் உசுரோட இருக்குது. இது நீங்க எழுதுனதில்லன்னு பாத்தாலே தெரியுது."