சிங்கப்பூரில் வேலை பார்த்த மகள்

தஞ்சோங் மாலிமில் படித்துக்கொண்டிருந்த என் மகள் திவ்யா, தேர்வுக்கு முன்பே பெட்டியோடு ஈப்போவிலுள்ள எங்கள் வீட்டுக்குத் திரும்பி வந்தாள். மறுநாள் கூடத்தில் சுழன்ற மின்விசிறியைப் பார்த்தபடி, "அந்தக் காத்தாடிய நிப்பாட்டுங்கம்மா, என்னப் பத்தியே பேசுது" என்றாள். நான் சிரித்தேன். என்னைப் போன்ற பெற்றோருக்காக எழுதுவதால், அந்தச் சிரிப்பை மறைக்காமல் சொல்லியாக வேண்டும்.

அப்போது ஒரே ஒரு முறை மருத்துவமனைக்கு வந்தாள். சைக்கோசிஸ் (இல்லாத குரல் கேட்பது, நடக்காததை உண்மையென்று நம்புவது) என்றார் மருத்துவர். ஒரு வாரம் மாத்திரை சாப்பிட்டுவிட்டு நிறுத்திவிட்டாள்.

"எனக்கு ஒண்ணும் இல்லலா. ஒங்களுக்குத்தான் பயம்."

நான் மட்டும் போய் மருத்துவரிடம் அழுதேன். "இருவத்து மூணு வயசும்மா. ஆபத்து இல்லாத வரைக்கும் கட்டாயப்படுத்த முடியாது. வீட்டுல மறைக்காம பேசுங்க" என்றார் அவர். தலையாட்டிவிட்டு வந்தேன். தலையாட்டுவதில் நான் கெட்டிக்காரி.

தீபாவளி வந்தது. எங்கள் ஊரில் அன்று வாசலைத் திறந்து வைத்து, மலாய்க்காரர், சீனர் என்று எல்லோரையும் அழைத்துச் சோறு போடுவோம். என் வீட்டு வாசலும் திறந்துதான் இருந்தது. மகளின் அறைக்கதவை நானே சாத்தினேன்.

"நாலு பேரு வருவாங்க. உள்ளயே இரும்மா."

தெலுக் இந்தானிலிருந்து என் கணவரின் அக்கா வந்திருந்தார். "விமலா, திவ்யா எங்க?"

"சிங்கப்பூர்ல வேல, அண்ணி. லீவு கெடைக்கல."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்ததோடு நான் நிற்கவில்லை. தங்கியிருக்கும் அறை, கூட இருக்கும் தோழிகள் என்று குழம்பும் ஊற்றினேன்.

எல்லோரும் போன பிறகு திவ்யா வெளியே வந்தாள். அவள் முகத்தில் கோபமே இல்லை.

"சிங்கப்பூர்ல எனக்கு என்னம்மா வேல?"

நான் தட்டுகளை அடுக்கினேன்.

"எனக்கு நோயின்னு நான் ஒத்துக்கணும். நீங்க மட்டும் ஒத்துக்க மாட்டீங்க, அப்படித்தான?"

வெட்கத்தில் அவளை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. பிடிவாதக்காரி என்று அவளைத்தான் அத்தனை நாளும் ஏசிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலை, அவளிடம் கேட்டுக்கொண்டு அண்ணிக்குப் போன் செய்தேன். திவ்யா பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன்.

"உள்ளதான் இருந்துச்சா புள்ள? பாக்காமயே வந்துட்டேனே" என்று அழுதார்.

மகள் குணமாகிவிட்டாள் என்று எழுத ஆசைதான். இன்னும் மாத்திரை சாப்பிடுவதில்லை. ஆனால் மாதாமாதம் என்னோடு மருத்துவமனைக்கு வந்து காரிலேயே உட்கார்ந்திருக்கிறாள். நான் உள்ளே போய் வருகிறேன். போன தடவை, "டாக்டர் என்ன சொன்னாங்க?" என்று அவளாகவே கேட்டாள்.

வீட்டில் காத்தாடி இன்னும் ஓடுவதில்லை. மத்தியான வெக்கைக்கு என் உடம்பு பழகிவிட்டது. கோயிலிலோ கடையிலோ "மக எங்க?" என்று யாராவது கேட்டால், "வீட்லதான் இருக்கா, ஒடம்புக்கு முடியல" என்கிறேன். இந்த நான்கு சொல்லைச் சொல்ல எனக்கு ஒன்றரை வருடம் ஆனது.