ஐந்து நாள் நிறுத்தவும்

அக்காவின் பித்தப்பையில் கல். ஒரு கைப்பிடி இருக்கும். ஸ்கேன் எடுத்த பெண் திரையைத் திருப்பிக் காட்டினாள். தண்ணீர் வற்றிய ஓடையில் கிடக்கிற பரல்களைப் போல ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்து கிடந்தன. எண்ணெய் பட்ட எதைத் தின்றாலும் வலது விலாவுக்கு அடியில் பிடித்துக்கொள்ளும். பிடித்தால் அக்கா கத்தமாட்டாள். சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொள்வாள். சாணார்பட்டிப் பக்கத்துத் தக்காளிக் காட்டில் நாள் முழுக்கக் குனிந்து நிமிர்கிறவள், ரசஞ்சோற்றைப் பயந்து பயந்து பிசைகிறவளாக ஆகிப்போனாள்.

எடுத்துவிடலாம், சின்ன ஆபரேஷன்தான் என்று திண்டுக்கல் மருத்துவமனையின் அறுவை மருத்துவர் சொன்னார். ஆனால் அக்காவின் நெஞ்சில், அடைபட்ட ரத்தக் குழாயைத் திறந்து வைக்க, ஒரு ஸ்டென்ட் இருக்கிறது. போன வருடத்துக்கு முந்தின வருடம் மதுரையில் வேறொரு மருத்துவமனையில் வைத்தது. அன்றிலிருந்து மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு மாத்திரை, ரத்தம் உறையாமல் இருக்க. "ஒரு நாள்கூட விடக்கூடாதும்மா" என்று அங்கே இதய மருத்துவர் விரலை ஆட்டிச் சொல்லியிருந்தார். அந்த விரல் அக்காவின் கண்ணுக்குள்ளேயே நின்றுவிட்டது. கல்யாணத்துக்குப் போனாலும் பந்தியில் இலையோரம் மாத்திரையை எடுத்து வைத்துக்கொண்டுதான் உட்காருவாள்.

திண்டுக்கல் மருத்துவர் அந்த மாத்திரையின் பெயரைத் துண்டுச் சீட்டில் எழுதி, கீழே ஒரு கோடு போட்டு, எழுதினார்: ஐந்து நாள் நிறுத்தவும்.

"அவரு விடவே கூடாதுன்னாரு. இவரு விடுங்கிறாரு. ரெண்டு பேரும் ஒரே படிப்புத்தானலே படிச்சாக?" என்று அக்கா என்னைக் கேட்டாள். எனக்கு ஐம்பது ஆகப்போகிறது; அவளுக்கு நான் இன்னும் ஏலேதான்.

"ஆபரேஷன் பண்றப்ப ரத்தம் நிக்காமப் போயிரக் கூடாதுல்லக்கா."

"சரி. அதுக்குள்ள ரத்தம் ஓடாம நின்னுட்டா?"

அடுத்த பதினொரு நாளும் நான் அலைந்தது இந்த ஒரு கேள்வியைத் தூக்கிக்கொண்டுதான்.

சனிக்கிழமை நிறுத்தினாள். சனி, ஞாயிறு, திங்கள், செவ்வாய், புதன். மாத்திரை அட்டையைக் கண்ணில் படாமல் அரிசிப் பானைக்குப் பின்னால் வைத்தாள். வியாழக்கிழமை விடியலில் வெறும் வயிற்றோடு வந்து படுத்தாள். பச்சை அங்கி மாட்டியாயிற்று. வளையல் கழற்றியாயிற்று. தாலிச் சங்கிலியை அக்கா வீட்டுக்காரர், என் மாமா, சட்டைப் பைக்குள் போட்டுப் பையின் வாயைக் கையால் பொத்திக்கொண்டு நின்றார்.

மயக்க மருந்து கொடுக்கிற மருத்துவர் வந்தார். சின்ன வயதுப் பெண். காலையில் எடுத்த ஈசிஜியைப் பார்த்தார், மறுபடி பார்த்தார்.

"இதுல ஒரு மாற்றம் தெரியுது. பழசா, புதுசா வந்ததான்னு எனக்குத் தெரியணும். ஸ்டென்ட் வெச்சப்ப எடுத்த ஈசிஜி இருக்கா?"

"எல்லாம் இருக்கு, டாக்டரம்மா" என்றார் மாமா. அந்த நேரத்துக்காகவே பிறந்தவர் மாதிரி பையைத் திறந்தார்.

மாமாவுக்கு லேமினேஷன் பைத்தியம். ரேஷன் கார்டு, பட்டா, பிள்ளைகளின் மதிப்பெண் பட்டியல், மாட்டுக்கு ஊசி போட்ட சீட்டு, எல்லாம் கண்ணாடி உறைக்குள். லேமினேஷன் போடாத காகிதம் செருப்பில்லாமல் காட்டுக்குள் போகிறவன் மாதிரி என்பார். மருத்துவமனைக்கு மருத்துவமனை தூக்கிக்கொண்டு அலைகிற காகிதத்துக்கு வியர்வையும் மழையும் படும் என்பது அவருடைய நியாயம். ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். டிஸ்சார்ஜ் தாள் பளபளவென்று வந்தது. அடுத்து வந்தது ஒரு கறுப்புத் தாள். முழுக் கறுப்பு. ஓரத்தில் மட்டும் கட்டம் போட்ட இளஞ்சிவப்பு ஒரு விரலளவு மிச்சம்.

மருத்துவர் அதை டியூப் லைட்டுக்கு நேரே தூக்கிப் பிடித்தார். ஈசிஜி எடுக்கிற தாள் சூடு பட்டால் கறுத்துவிடும் என்று அன்றுதான் எனக்குத் தெரியும். மாமாவுக்கு முன்னமே தெரிந்திருந்தது.

"பஸ் ஸ்டாண்டு கடையிலதான் குடுத்தேன். மிசினுக்குள்ள வெள்ளையாத்தான் போச்சு. அந்தப் பக்கம் இப்படி வந்துச்சு. கடைக்காரனும் முழிச்சான், நானும் முழிச்சேன்."

"அப்புறம் எதுக்கு மாமா இத ஃபைல்ல வெச்சிருக்கீக?"

"தூரப்போட மனசு வரலப்பா. உள்ள எழுத்து இருக்கும்ல."

கட்டிலில் படுத்தபடியே அக்கா எட்டிப் பார்த்தாள். "நல்லாத்தானே வந்திருக்கு. இந்த மனுசன் கூட இம்புட்டு வருசம் குடும்பம் நடத்துனா நெஞ்சுக்குள்ள கரிதான இருக்கும்."

மருத்துவர்கூடச் சிரித்துவிட்டார். சிரித்துக்கொண்டே தாளில் எழுதினார்: இதய மருத்துவரின் ஃபிட்னஸ் சான்று இல்லாமல் மயக்க மருந்து தர இயலாது. மதுரைக்குப் போய் வாங்கிக்கொண்டு வர வேண்டும். ஆபரேஷன் இன்று இல்லை.

"அப்ப அந்த மாத்திரை?" என்றேன். "நிறுத்தி வெச்சிருக்கோம். மறுபடி போடணுமா?"

"அது சர்ஜன் சொல்லணும்."

அறுவை மருத்துவர் அடுத்த ஆபரேஷனுக்குள் போயிருந்தார். வாசலில் நின்ற நர்ஸ், "அது ஹார்ட் சம்பந்தப்பட்டதுண்ணே, ஹார்ட் டாக்டர்தான் சொல்லணும்" என்றாள். அக்கா அங்கியைக் கழற்றி, சேலையைச் சுற்றிக்கொண்டு, இருபது மணி நேரம் கழித்து ஒரு டீயைக் குடித்தாள்.

வெள்ளிக்கிழமை மதுரை. அந்த மருத்துவமனையில் எங்களை யாருக்கும் தெரியவில்லை. போன தடவை வாசல் வரை வந்து சக்கர நாற்காலி பிடித்தவர்கள் இந்தத் தடவை டோக்கன் என்றார்கள். பழைய ஈசிஜியின் நகல் கேட்டேன். பதிவேட்டு அறையில் இருந்தவர் தலையைத் தூக்கவில்லை. "ஒரிஜினல் டிஸ்சார்ஜ் அன்னைக்கே குடுத்தாச்சே சார்." கறுப்புத் தாளைக் காட்டினேன். அப்போது தூக்கினார். "இது என்ன, எக்ஸ்ரேயா?"

ஃபிட்னஸ் தர எக்கோ, அதாவது இதய ஸ்கேன், எடுக்க வேண்டும் என்றார்கள். எக்கோவுக்குத் திங்கட்கிழமைதான் இடம். இதய மருத்துவரும் திங்கட்கிழமைதான். அவருக்குப் பதில் இருந்த ஜூனியரிடம் மாத்திரையைக் கேட்டேன்.

"யார் நிறுத்தச் சொன்னது?"

"திண்டுக்கல்ல, சர்ஜன்."

"அப்ப அவர்தான் எப்ப ஆரம்பிக்கணும்னு சொல்லணும்."

அவர் முன்னாலேயே திண்டுக்கல்லுக்கு ஃபோன் போட்டேன். வரவேற்புப் பெண், டாக்டர் ஆபரேஷன் தியேட்டரில் இருக்கிறார் என்றாள். அங்கிருந்த டூட்டி டாக்டரைக் கூப்பிடச் சொல்லி, கிடைத்ததும் ஃபோனை ஜூனியரிடம் நீட்டினேன். இரண்டு டாக்டர்கள், ஒரு ஃபோன், நடுவில் ஒரு சாண் காற்று. ஜூனியர் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டார். "நான் அப்படியெல்லாம் பேச முடியாது சார். லெட்டர்ல கேட்டு அனுப்பச் சொல்லுங்க." ஃபோனுக்குள்ளிருந்து சின்னதாக ஒரு குரல் ஹலோ ஹலோ என்று கேட்டுக்கொண்டே இருந்தது. நான்தான் அதை அணைத்தேன்.

ஆரப்பாளையத்தில் பஸ் ஏறினோம். அக்கா ஜன்னலில் தலையைச் சாய்த்துத் தூங்கிவிட்டாள். நான் தூங்கவில்லை. அவளுடைய நெஞ்சு ஏறுகிறதா, இறங்குகிறதா என்று பார்த்துக்கொண்டே வந்தேன். ஏறியது. இறங்கியது. வெளியே தென்னந்தோப்பு, செங்கல் சூளை, கல்யாண மண்டபம், மறுபடி தென்னந்தோப்பு. என் கண் அந்த ஒரு சாண் சேலையை விட்டு நகரவில்லை. எங்கோ உள்ளே, பேனா ரீஃபில் அளவு கம்பி வலைக்குள், சிவப்பாக ஒன்று நகர்ந்துகொண்டிருக்கிறது. அது நகர வேண்டும். நகர்ந்தால் போதும். பஸ் பிரேக் போட்டபோதெல்லாம் எனக்குத்தான் நெஞ்சு நின்று ஓடியது. என் வாழ்க்கையில் நான் எந்தப் பஸ்ஸிலும் இருக்கையில் ஒழுங்காக உட்கார்ந்தவன் இல்லை. எழுந்து படிக்கட்டுக்குப் போவேன், காற்று வாங்குவேன். அன்று அசையவில்லை. நான் அசைந்தால் அவளுக்குள் எதுவோ நின்றுவிடும் என்று ஒரு மடத்தனம்.

சனியும் ஞாயிறும் அக்கா வீட்டிலேயே இருந்தேன். தண்ணீர் பிடிக்கப் போனால் பின்னாலேயே போனேன். "என்னலே, காவலுக்கு வந்தவன் மாதிரி நிக்கிற, அங்கிட்டுப் போ" என்று விரட்டினாள். அவள் முகம் தெளிந்திருந்தது. சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள வெஞ்சனம்கூடக் கொஞ்சம் கூடுதலாக வைத்துக்கொண்டாள். இவளால் எப்படி முடிகிறது என்று ஆச்சரியப்பட்டேன்.

திங்கட்கிழமை எக்கோ எடுத்தார்கள். இதய மருத்துவர் எக்கோ தாளைப் பார்த்தார், அவருடைய கம்ப்யூட்டரில் எதையோ தட்டினார், திரையில் அந்தப் பழைய ஈசிஜி வந்து நின்றது. மலையும் பள்ளமுமாக, பச்சைக் கோட்டில், ஒரு சேதமும் இல்லாமல்.

"இங்கயே இருக்கே" என்றார். "மாற்றம் பழசுதான். ஆபரேஷன் பண்ணலாம்."

மூன்று நாள். பதிவேட்டு அறைக்கும் இந்த அறைக்கும் நடுவில் ஒரு படிக்கட்டு. எனக்குக் கத்த வேண்டும் போல இருந்தது, கை கூப்பினேன். ஃபிட்னஸ் கையெழுத்தாயிற்று. மாத்திரையைக் கேட்டேன். அதற்குள் அடுத்தவர் உள்ளே வந்து சட்டைப் பொத்தானைக் கழற்றத் தொடங்கியிருந்தார். "ஆபரேஷன் முடிஞ்சதும் அவங்களே ஆரம்பிச்சிடுவாங்க" என்றார் மருத்துவர், என்னைப் பார்க்காமல்.

செவ்வாய்க்கிழமை காலை திண்டுக்கல்லில் அறுவை மருத்துவர் தாளைப் படித்துவிட்டு முகம் மலர்ந்தார். "நல்லது. நாளைக்கே எடுத்துடலாம். மாத்திரை நிறுத்தி எத்தன நாளாச்சு?"

"இன்னையோட பதினொண்ணு, சார்" என்றேன். ஏதோ சாதித்தவன் குரலில்.

"இல்ல" என்றாள் அக்கா. "மதுரைக்குப் போய்ட்டு வந்த மறுநாளு, சனிக்கிழமையிலேருந்து போட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்."

மாமா அக்காவைப் பார்த்தார், நான் மாமாவைப் பார்த்தேன்.

"யாரக் கேட்டும்மா போட்டீங்க?"

அக்கா எழுந்து நின்றுவிட்டாள். "யாரக் கேக்கணும், சார்? நீங்க சொல்லுங்க. இங்க கேட்டா அங்க கேளுங்கிறீக. அங்க கேட்டா இங்க கேளுங்கிறாக. எந்தம்பி லெட்டரத் தூக்கிக்கிட்டு அலையட்டும், அதுக்குள்ள நான் போய்ச் சேந்துட்டா? அதான் நானா முடிவு பண்ணேன்."

மருத்துவர் கோபப்படவில்லை. அதுதான் இன்னும் மோசமாக இருந்தது. அவள் சொன்னதை அவர் மறுக்கவில்லை. பேனா மூடியைத் திறந்து, மூடி, திறந்து, பழையபடி எழுதினார். ஐந்து நாள் நிறுத்தவும். நாளைக்கு முடியாது. தியேட்டர் அடுத்த வாரம் வியாழக்கிழமைதான் கிடைக்கும். "ஆனா இடையில ஏதாவது கேஸ் கேன்சல் ஆனா ஃபோன் பண்ணுவோம். தயாரா இருங்க." எழுந்து போய்விட்டார்.

வெளியே வேப்பமரத்தடி சிமெண்ட் பலகையில் மூவரும் உட்கார்ந்தோம். பொட்டலச் சோற்றைப் பிரித்துச் சாப்பிட்டோம். எனக்கு அக்காமேல் கோபம் வந்தது. அது உடனே வெட்கமாக மாறியது. இரண்டு ஊர், இரண்டு மருத்துவமனை, ஏழெட்டுப் படித்தவர்கள், படிக்காத மாமா, பாதி படித்த நான். இத்தனை பேருக்குள்ளும் ஒரு முடிவை எடுத்தது அவள் ஒருத்திதான். எடுத்ததற்குத்தான் இன்னும் ஒன்பது நாள் அந்தக் கல்லைச் சுமக்க வேண்டும்.

கை கழுவிவிட்டு அக்கா மடியிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்தாள். கட்டை விரல் மாத்திரையின் மேல் நின்றது.

"வியாழன்னா சனிக்கிழம நிறுத்துனாப் போதும்" என்றார் மாமா, விரலை மடக்கி. "ஆனா இடையில கூப்பிட்டாகன்னா?"

"கூப்பிட்டா இன்னைக்கே நிறுத்தியிருக்கணும்" என்றாள் அக்கா. "கூப்பிடலைன்னா சும்மாவே ஒம்போது நாளு மாத்திர இல்லாமக் கெடக்கணும்." என்னைப் பார்த்தாள். "சொல்லுலே. போடவா, வேணாமா?"

"செத்த நேரம் இருக்கா. கேட்டுட்டு வாரேன்" என்று எழுந்தேன். நான்கடி போனேன். கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் டோக்கன் வரிசை சுவர் வரை போய் மடங்கித் திரும்பியிருந்தது. உள்ளே போனால் என்ன சொல்வார்கள் என்று எனக்குச் சொல்லுக்குச் சொல் தெரியும். இப்போது அக்காவிடம் நான் சொன்னதும் அதே சொல்தான்.

திரும்பி வந்து பலகையில் உட்கார்ந்தேன்.

"போடு" என்றேன். "வெள்ளிக்கிழம வரைக்கும் போடு. சனிக்கிழமையிலேருந்து வேணாம். இடையில கூப்பிட்டா வர முடியாதுன்னு நான் பேசிக்கிறேன்."

என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. மெதுவாக, அலுத்துப்போய், சந்தேகமே இல்லாத குரல். இந்தப் பதினொரு நாளும் இரண்டு ஊரிலும் யாரிடமிருந்தாவது வந்துவிடாதா என்று நான் ஏங்கிய குரல். அது வந்தபோது அதற்குப் பின்னால் ஒரு படிப்பும் இல்லை. மாமா விரல் மடக்கிப் போட்ட கணக்குதான் இருந்தது.

அக்கா மாத்திரையைப் பிதுக்கி நாக்கில் போட்டு, பாட்டில் தண்ணீரைக் குடித்தாள். பிறகு முதுகைச் சாய்த்துக் காலை நீட்டிக்கொண்டாள். பதினொரு நாளில் முதல்முறையாக அவள் தோள் இறங்கியது.

"அம்புட்டுத்தான். இத ஒரு ஆளு சொல்லியிருந்தா நான் எதுக்குக் கெடந்து தவிக்கப்போறேன்?" என்றாள்.

அவள் நம்பிவிட்டாள். வியாழக்கிழமைக்கு இன்னும் ஒன்பது நாள் இருந்தது. நான் அந்தப் பலகையிலிருந்து எழுந்திருக்க முடியாமல் உட்கார்ந்திருந்தேன்.